பத்து நிமிடத்தில் அணைகிற கணினி

என் கடைக்குக் கணினி தூக்கி வருகிறவர்களில் பாதிப் பேர் பொய்தான் சொல்வார்கள். "ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுருச்சு" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே தேத்தண்ணீர் கொட்டிக் காய்ந்திருக்கும். சுங்கைப் பட்டாணியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் பதினாறு வருடமாக இந்தத் தொழிலைப் பார்க்கிறேன். ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். "உங்க வாய்க்கு இன்னும் ஆளுங்க வராங்க பாருங்க, அதுதான் அதிசயம்" என்பாள் என் மனைவி யோகேஸ்வரி. வேலை சுத்தம், அதனால் வருகிறார்கள் என்று நான் மார்தட்டிக்கொள்வேன்.

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஷீலா வந்தாள். பாடாங் மேஹா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண், பதினெட்டு வயது இருக்கும். பழைய மேசைக் கணினி ஒன்றைக் குளியல் துண்டில் சுற்றி, மூச்சு வாங்கப் படியேறிக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள்.

"அங்கிள், இதுல ப்ராசசர் மாத்தணும். பொலிடெக்னிக்ல எடம் கெடச்சிருக்கு. டிராயிங் சாஃப்ட்வேர் போட்டா தெறக்கவே மாட்டேங்குது. புதுசு இப்ப வாங்க முடியாது லா."

பத்து வருடத்துப் பெட்டி. ஆனால் நல்ல போர்டு. உள்ளே இருக்கிற சின்ன ப்ராசசரைக் கழற்றிவிட்டு அதே குழியில் அந்தக் காலத்துப் பெரிய ப்ராசசரை உட்கார வைக்கலாம். ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கணினியிலிருந்து எடுத்தது ஒன்று என்னிடம் இருந்தது. முடியும் என்றேன். வேறு ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டேன்.

"பத்து நிமிஷத்துல ஆஃப் ஆயிடும்."

"இதை மொதல்லயே சொல்ல மாட்டியா?"

"இல்ல அங்கிள், அது வந்து... ஆஃப் ஆகறதுக்கு முன்னாடி ஒரு வாசனை வரும். சந்தன வாசனை. அதுக்கப்புறம்தான் நிக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது எங்க அண்ணனோடது. அண்ணன் எறந்துட்டாரு. எட்டு மாசம் ஆச்சு. அண்ணன்தான் வந்துட்டுப் போறாருன்னு அம்மா சொல்றாங்க. தெனம் சாயங்காலம் வெளக்கு வச்சதும் இதை ஆன் பண்ணிட்டு முன்னாடி உக்காந்துருவாங்க. வாசனை வந்து நிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க."

"பேய்க்கெல்லாம் நான் வாரண்டி குடுக்கறது இல்ல" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு இதைக் கொண்டு வந்ததே புடிக்கல அங்கிள். நான்தான் எடுத்துட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கணினியையும் திறப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். ஆள் பொய் சொன்னாலும் சாமான் சொல்லாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மின்சாரத்தில் செருகி இயக்கினேன். திரையில் 'சசி' என்று பெயர் வந்தது. பிறகு ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு முன்னால் நிற்கிற சிவப்பு மோட்டார் சைக்கிளின் படம். ஓட்டுகிறவன் படத்தில் இல்லை. எடுத்தவன் அவனாக இருக்கும்.

நாலு நிமிடம் ஒன்றும் இல்லை. ஏழாவது நிமிடத்தில் உள்ளிருந்த விசிறி இரைய ஆரம்பித்தது. ஒன்பதாவது நிமிடத்தில் வாசனை வந்தது.

கீழ்க்கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையெல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் ஏறும். அதை ஒதுக்கிக்கொண்டு வந்தது சந்தனம். ஊதுபத்தி இல்லை, கடைப் பொடியும் இல்லை. கல்லில் உரசிய, ஈரம் காயாத சந்தனம். யாரோ குளித்துவிட்டு நெற்றி நிறைய இட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டென்று திரை கறுத்து, விசிறி நின்றது.

பயந்துவிட்டேன். வெட்ட வெளிச்சத்தில், இரண்டே முக்கால் மணிக்கு, தெருவில் அத்தனை காடி ஓடும்போது பயந்தேன். ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து இன்னொரு தடவை இயக்கினேன். இந்தத் தடவை ஆறே நிமிடத்தில் வந்துவிட்டுப் போயிற்று.

பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ப்ராசசர் வேலை செய்யும்போது கொதிக்கும். அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள அதன் தலைமேல் ஓர் அலுமினியக் கட்டியும் விசிறியும் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டுவதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பேஸ்ட் தடவுவோம். அது இல்லையென்றால் சூடு இறங்காது. கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். இந்தப் பெட்டியில் விசிறியின் நாலு காலில் ஒன்று சரியாகப் பூட்டவில்லை. பழகாத கை பூட்டியிருக்கிறது என்று தெரிந்தது. மற்ற மூன்றையும் விடுவித்துக் கட்டியைத் தூக்கினேன்.

பேஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் இருந்தது.

காய்ந்து, பழுத்து, வெடித்துப்போன சந்தனம். ஒரு விரல் இழுத்துத் தடவிய தடம் அப்படியே இருந்தது. அதன் நடுவில் கறுத்துப்போன ஒரு குங்குமப் பொட்டு.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆயுத பூசைக்கு எல்லாரும்தான் சாமான்களுக்குப் பொட்டு வைக்கிறோம். நானும் வைக்கிறேன். கத்தரிக்கோலிலிருந்து காடி வரைக்கும் வைப்போம். ஆனால் ப்ராசசரின் மண்டைக்குப் பொட்டு வைத்து மூடிய குடும்பத்தைப் பதினாறு வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். சூடு ஏற ஏறச் சந்தனம் மணக்கிறது. சூடு எல்லை தாண்டியதும் கணினி நிற்கிறது. பேயைப் பிடித்துவிட்ட உற்சாகத்தில் ஷீலாவுக்குப் போன் போட்டேன்.

"யாரும்மா உள்ள சந்தனத்தைத் தடவி வச்சது? கம்ப்யூட்டர் என்ன சாமி செலையா?"

"தெரியலையே அங்கிள். போன வருசம் சரஸ்வதி பூசை அன்னிக்கு அண்ணன் அதைக் கழட்டித் தொடச்சாரு. எல்லாத்தையும் கிளீன் பண்ணிப் பூட்டித்தான் பூசையில வைக்கணும், தெறந்து கெடக்கற சாமானுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு அண்ணன் ரொம்பப் பார்ப்பாரு. பேஸ்ட் முடிஞ்சு போயிருந்திச்சு. சுங்கைப் பட்டாணியில வாங்கிட்டு வரேன்னு மோட்டர்ல போனாரு. அப்பதான் அங்கிள். செம்பனைக் கொலை ஏத்திட்டு வந்த லோரி மோதிருச்சு. வளைவுல ரொம்ப வேகமாப் போயிருக்காருன்னு போலீஸ்ல சொன்னாங்க."

"ஏன் அவ்வளவு வேகம்?"

"கடைக்காரரு அஞ்சு மணிக்கு மூடிருவேன்னு சொல்லிட்டாராம். அம்மாகிட்ட அதைத்தான் சொல்லிட்டு ஓடுனாரு."

"எந்தக் கடை?"

"தெரியல அங்கிள். போன்ல பேசுனாரு. அண்ணன் போன் ஒடஞ்சு போச்சு."

நான் ஏதோ சொல்லிப் போனை வைத்தேன்.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அன்று கடையிலும் பூசை. மேசை நாற்காலியெல்லாம் கழுவி, பொரி கடலை தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் மேல் போன். நாலு மணி சுமாருக்கு ஒரு பையன் பேசினான். பேஸ்ட் இருக்கா அண்ணே என்று கேட்டான். இருக்கு என்றேன். எத்தனை மணி வரைக்கும் கடை அண்ணே என்றான். சொன்னேன். பாடாங் மேஹாவிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் லேட்டானால் இருப்பீர்களா என்று மறுபடி கேட்டான். இரண்டாம் தடவை கேட்டதுதான் எனக்கு ஆகவில்லை.

"அஞ்சு மணிக்கு மூடிருவேன். வரதுன்னா வா, இல்லன்னா அடுத்த வாரம் பாத்துக்க. சும்மா போன் பண்ணி உயிர வாங்காத."

இதைத்தான் சொன்னேன். அவன், "இல்லண்ணே, வந்துடறேன்" என்றான். அவன் வரவில்லை. வராதவனைப் பற்றி அன்று சாயங்காலம் யோகேஸ்வரியிடம் திட்டியும் இருக்கிறேன். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பேச்சில் நாணயம் இல்லை என்று.

சுங்கைப் பட்டாணியில் கணினிக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றாக மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். அன்று அந்த நேரத்தில், பாடாங் மேஹாவிலிருந்து, பேஸ்ட் கேட்டு, இன்னொரு கடைக்கும் இன்னொரு பையன் போன் செய்திருக்கலாம் அல்லவா? எத்தனை தடவை எண்ணினாலும் வேறு யாரும் செய்திருக்க முடியாது என்றே வந்து நின்றது.

அதற்கப்புறம் மூன்று நாள் அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. திறந்தபடி மேசையில் கிடந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மற்ற வேலைகளைப் பார்த்தேன். மின்சாரமே இல்லாமல் கிடந்த பெட்டி மணக்க நியாயமில்லை. ஆனால் மணத்தது. காடியின் ஸ்டீயரிங்கில் மணத்தது. வீட்டில் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுச் சோற்றில் வைத்தால் சோறு மணத்தது. "சந்தனம் வருதா பாரு" என்று யோகேஸ்வரியிடம் கையை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசனைதான் வருது. என்னாச்சு உங்களுக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தேன்.

சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் புது ப்ராசசரைப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கேட்பதற்கு யாரும் இல்லை. போன் உடைந்துவிட்டது. கடை எது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். இப்படி நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை மதியம் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் சசியின் அம்மா படியேறி வந்தார்.

கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து சீருடையோடே வந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கும். பேர் பிரேமாவதி, ஷீலாவின் அம்மா என்று சொன்னவர், உட்காரச் சொல்லியும் உட்காராமல் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"தொடச்சிட்டீங்களா தம்பி?"

"எதை?"

"சந்தனத்தை."

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"நான்தான வச்சேன்." திறந்து கிடந்த பெட்டியின் அருகே வந்தார். தொடவில்லை. "அன்னிக்குப் பூசைக்கு அவன்தான் சந்தனம் ஒரசுனான். யாரோ ஊருலேந்து கொண்டாந்து குடுத்த கட்டை. ஒரு கிண்ணம் நெறைய ஒரசி வச்சுட்டுத்தான் கடைக்குப் போனான். காரியமெல்லாம் முடிஞ்சு ஆளுங்க போனப்புறம் பாக்கறேன், கிண்ணம் அப்படியே இருக்கு. இது அப்படியே தெறந்து கெடக்கு. அவனுக்குத் தெறந்து கெடந்தா புடிக்காது. பேஸ்ட் தடவற எடம் எனக்குத் தெரியும் தம்பி, பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். தண்ணி தொட்டு எளக்கி, அந்தச் சந்தனத்தைத் தடவி, பொட்டு வச்சு, நானே மூடிட்டேன்."

"அவரு வந்துட்டுப் போறதா ஷீலா சொல்லிச்சே..."

"அவகிட்ட வேற என்ன சொல்றது? அப்படிச் சொன்னாத்தான் தொடாம இருப்பான்னு சொன்னேன். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எனக்குத் தெரியாதா?" என்றார் கொஞ்சம் கோபமாக. பிறகு குரல் இறங்கிவிட்டது. "அவன் கையால செஞ்ச கடைசிச் சாமான் அதுதான் தம்பி. ஆன் பண்ணா பத்து நிமிஷம் கழிச்சு மணக்கும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

நான் துணியை மேசைக்கு அடியில் போட்டேன்.

"சின்னவளும் படிக்கணும். அதனால வேணான்னு சொல்ல மாட்டேன். அந்தச் சந்தனத்தை மட்டும் அப்படியே விட்டுட்டு ப்ராசசர மாத்த முடியுமா?"

முடியாது என்று விளக்கினேன். சந்தனம் ஒட்டியிருப்பது பழைய ப்ராசசரின் தலையில். அதைக் கழற்றாமல் புதியதைப் போட முடியாது. வேண்டுமானால் பழைய ப்ராசசரைத் துடைக்காமல், சந்தனத்தோடே எடுத்து ஒரு டப்பாவில் போட்டுத் தந்துவிடுகிறேன் என்றேன். சூடாகாது, அதனால் அவ்வளவு மணக்காது; கிட்டே வைத்து மோந்தால் தெரியும். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தாள்மடிப்பில் அதை எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து, கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

"நல்லா இருங்க தம்பி. நீங்க கோவக்காரருன்னு ஷீலா சொன்னா. அப்படித் தெரியலையே."

அப்படியே விட்டிருக்கலாம். அவர் படி இறங்கிப் போயிருப்பார். எனக்கு மட்டும் மணத்துக்கொண்டே இருந்திருக்கும். அதுதான் நியாயமும் என்று இப்போது படுகிறது. அப்போது மனத்தில் கிடந்ததை வெளியே தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது.

"அக்கா, அன்னிக்கு அவரு போன் பண்ணது என் கடைக்குத்தான். அஞ்சு மணிக்கு மூடிருவேன்னு சொன்னது நான்தான்."

அவர் டப்பாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூடினீங்களா?" என்று கேட்டார்.

"என்னக்கா?"

"அஞ்சு மணிக்கு. மூடினீங்களா?"

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. "இல்லக்கா. பூசை முடிஞ்சு, கூட்டாளிங்க வந்து, பேசிக்கிட்டு இருந்தோம். ஏழரைக்குத்தான் மூடுனேன்."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். கீழ்க்கடையில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டு ரசம் கேட்டார்கள். "எட்டு மாசமா அந்த லோரிக்காரன நான் ஏசாத ஏச்சு இல்ல" என்றார். "பாவம், அவனுக்கும் புள்ளக்குட்டி இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எம் புள்ள வாங்க வந்த சாமான் எது? காட்டுங்க."

மேசை இழுப்பறையிலிருந்து பேஸ்ட் குழாயை எடுத்துக் கொடுத்தேன். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததைப் படிக்கிற மாதிரி கண்ணருகே கொண்டு போனார்.

"இதுக்காய்யா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை.

குழாயை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "போடுங்க. பாத்துட்டுப் போறேன்" என்றார்.

போட்டேன். அலுமினியக் கட்டியில் ஒட்டியிருந்த மிச்சச் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தேன், அவர் தடுக்கவில்லை. பெரிய ப்ராசசரைக் குழியில் இறக்கி, கொக்கியை அழுத்தி, தலைமேல் அரிசி அளவுக்குப் பேஸ்ட் வைத்தேன். ஆயிரம் தடவை செய்த வேலை. இரண்டு தடவை வைத்துத் துடைத்து மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. விசிறியின் நாலு காலையும் பூட்டி, பெட்டியை மூடாமலே இயக்கினேன். சசியின் பேர் வந்தது. சிவப்பு மோட்டார் சைக்கிள் வந்தது.

அவர் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. பொரித்த மீன் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"ஷீலாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அவ வந்து எடுத்துக்கட்டும்."

"சரிக்கா."

படி வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். கையிலிருந்த டப்பாவை மறுபடி திறந்து மோந்து பார்த்தார். முன்பு போலக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். ஆனால் உடனே திறந்துவிட்டார். டப்பாவை மூடி என் மேசையில், எனக்கு முன்னால் வைத்தார்.

"இனிமே இதை மோந்தா எனக்கு அவன் நெனப்பு வரல தம்பி. ஒங்க கடைதான் வருது. நீங்களே வச்சுக்குங்க."

டப்பாவை எடுத்து, பேஸ்ட் குழாய் இருந்த இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.